மருமகள் வைத்துவிட்டுப் போன தாள்

ஒன்றுகூடவா மிஞ்சாமல் போயிருக்கும், அவ்வளவு பெரிய தாள்கட்டு, என்று அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவுகிறேன், கையில் புளி டப்பாதான் வருகிறது, அதற்குப் பின்னால் வெல்லம், வெல்லத்துக்குப் பின்னால் சுவர். அடுப்பில் இட்லிப் பானை மூடியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கடைசித் தாள்களெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன, ஒவ்வொரு இட்லிக்கும் அடியில் ஒன்று, கொசுவம் வைத்த பாவாடை மாதிரி விரிந்து, மாவைத் தாங்கிக்கொண்டு, வெந்துகொண்டு. மாவை ஊற்றி மூடியைப் போட்டுக் கையைத் துடைத்தேன், நவநீதன் போன் அடித்தான். கொஞ்சம் முன்னால் அடித்திருக்கக் கூடாதா இந்தப் பையன், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு விடிந்ததும் என்ன வேலை அவனுக்கு. "அம்மா, பிரவீணா ரயிலு சங்ககிரி தாண்டிருச்சாம். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், அவளுக்குப் பால் காப்பி குடுத்துறாதே. பாலு சேராது. கல்யாணமான புதுசுல வந்தப்ப நீ ஊத்தி ஊத்திக் குடுத்தியே, திரும்பி வர்ற வழியெல்லாம் ரயில்ல வாந்தி." அய்யோ, அதை அப்பவே சொல்றதுக்கென்னடா என்றேன். "சொல்லக்கூடாதுன்னு அவதான் புடிச்சு வச்சா. அத்தை மனசு கஷ்டப்படுமாம். அவ வரக்காப்பிதான் குடிப்பா, அதுவும் பேப்பர்ல வடிகட்டினது, வேற எதுல போட்டாலும் வயிறு எரியுதும்பா. பொடி கொண்டு வர்றா. பேப்பரு முன்னாடியே அங்க வச்சிட்டு வந்தாளாமே, இட்லிப் பானைகிட்ட, வெள்ளையா, வட்டமா. இருக்குதில்ல?" இருக்குது இருக்குது என்றேன். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது. அவன் வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னான், அதுதான் இப்போது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. "பெருந்துறையில அவளுக்கு ஒரு வாரம் வேலை, கம்பெனிக்காரங்களே அங்க ரூம் போட்டிருக்காங்க. ஸ்டேஷனுக்கு வண்டியும் வருது. மொதல்ல நம்ம வீட்டுக்கு வர்றா, தோதுப்பட்டா வாரம் பூரா அங்கயே இருப்பா. இல்லேன்னா அதே வண்டியில ரூமுக்குப் போயிக்குவா. நீ ஒண்ணும் வற்புறுத்தாதம்மா."

தோதுப்பட்டால். என் வீடு என் மருமகளுக்குத் தோதுப்பட்டால். வண்டி கீழே நிற்கும், டிரைவர் கதவைத் திறந்து வைத்திருப்பான், இவள் ஒரு வாய் காப்பியைக் குடித்துவிட்டு, சூப்பர் அத்தை என்று சொல்லிவிட்டு, பெட்டியை இறக்காமலே போய்விடுவாள். அந்த சூப்பர்தான் எனக்குப் பயம். ஆவணியில் கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் வந்திருந்தார்களே, எதைக் கொடுத்தாலும் சூப்பர் அத்தை. அரிசிம்பருப்பு சாதம் சூப்பர். பூசணிக்காய் பொரியல் உப்புக் கரித்தது, எனக்கே விழுங்க முடியவில்லை, அதுவும் சூப்பர். காப்பியை நான் ஆற்றி நுரை கட்டக் கொண்டுபோய் நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு மடக்மடக்கென்று குடித்தாள், அடடா பெங்களூரில் இப்படிக் காப்பி கிடைக்காது போலிருக்கிறது என்று நான் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தேன். கண்ணை மூடியது ருசியில் இல்லை. அவர்கள் போன பிறகுதான் இட்லிப் பானைக்குப் பக்கத்தில் அந்தத் தாள்கட்டைப் பார்த்தேன், ஜிப் வைத்த பை, பெயரும் இல்லை படமும் இல்லை, உள்ளே வெள்ளை வெளேரென்று வட்டத் தாள், ஓரமெல்லாம் மடிப்பு. படம் போட்டிருந்தால் எட்டாங்கிளாசோடு நின்ற எனக்கும் தெரிந்திருக்கும். எடுத்து முகர்ந்தேன், வாசனையே இல்லை. விரலால் தடவினேன், மெத்தென்று இருந்தது. பெங்களூரில் தட்டு இட்லி என்று சின்னத் தட்டு அகலத்துக்கு ஒரே இட்லியாக ஊற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதற்குப் போடுகிற தாள் இது, வேறென்ன, அதனால்தான் பானைகிட்ட வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், இட்லித் துணியைத் துவைத்துத் துவைத்து மாமியார் கஷ்டப்படுகிறாளே என்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது. புதுசாக வந்த பெண் வாயைத் திறந்து சொல்லாமல் வைத்துவிட்டுப் போன பொருளை, இது எனக்கா கண்ணு என்று எந்த மாமியார் கேட்பாள், இல்லைங்க அது என்னுது என்று எந்த மருமகள் சொல்வாள். வைத்துவிட்டுப் போனால் கொடுத்தது மாதிரிதான், எங்கள் வீடுகளில் அப்படித்தான். என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இட்லிக்கேதான் புள்ள. பாரு, ஓரம் தூக்கி நிக்குது, மாவு வழியாது" என்றார். அவரே சொன்ன பிறகு எனக்கென்ன சந்தேகம்.

மாவு வழியவில்லைதான். இட்லி துணியில் ஒட்டுகிற மாதிரி ஒட்டவே இல்லை, பூப்போல வந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்குப் பாதிக் கட்டு மிஞ்சியிருக்கும். ஆனால் ஒரு நல்ல பொருள் கைக்கு வந்தால் கை சும்மா இருக்கிறதா. வடையை எண்ணெய் வடிய இதில் எடுத்துப் போட்டேன், செய்தித்தாளின் மை வடையில் ஏறுமே, அது ஏறவில்லை. நெய் உருக்கி இதில் வடித்தேன், கசண்டெல்லாம் தங்கிப்போய் நெய் கண்ணாடி மாதிரி இறங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், தூசும் இல்லை கோடும் இல்லை, அப்புறம் பீரோக் கண்ணாடி, அப்புறம் டிவி, அப்புறம் அவருடைய மொபெட்டின் இரண்டு கண்ணாடி. ஒட்டாத தோசைக்கல் ஒன்றன்மேல் ஒன்று உரசிக் கோடு விழுகிறதே என்று நடுவில் ஒன்று. ஆ, தோசைக்கல். கீழ் அலமாரியைத் திறந்து கல்லைத் தூக்குகிறேன், இருக்கிறது, இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக எண்ணெய் வட்டம், முகர்ந்தால் முந்தாநாள் வெங்காய ஊத்தப்பம். இதில் காப்பியை வடித்துக் கொடுத்தால் அந்தப் பெண் வண்டியில்கூட ஏறமாட்டாள், நடந்தே போய்விடுவாள். குளிர்ப்பெட்டியில் கொத்தமல்லி சுற்றி வைத்தது ஒன்று உண்டு, பிரித்தால் ஈரத்தில் நைந்து கையோடு வருகிறது. மல்லிகைப்பூ சுற்றியது ஒன்று, காப்பி மணக்குமே என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன், என் புத்தி போகிற போக்கைப் பார். பீரோவில் பட்டுச் சேலைக்கு நடுவே வசம்பைக் கட்டி வைத்த பொட்டலம். எலுமிச்சை ஊறுகாய் வெயிலில் காயும்போது ஜாடி வாயில் ரப்பர்பேண்டு போட்டு மூடியது, அது வெயிலில் பழுத்து அப்பளமாகிவிட்டது. பால்கனியில் கற்பூரவல்லித் தொட்டிக்கு அடியில் ஓட்டை வழியாக மண் ஒழுகாமல் இருக்க வைத்தது, அது தொட்டிக்குள் மண்ணோடு மண்ணாகி, செடி முழம் உயரம் வளர்ந்து நிற்கிறது, அதைப் பிடுங்கியா எடுப்பது. எடுக்கலாமா என்று கை போகிறது, சீ என்று இழுத்துக்கொள்கிறேன். நவராத்திரிக்கு இந்தக் குடியிருப்பு முழுவதற்கும் சுண்டலை இதில்தான் வைத்துக் கொடுத்தேன், கையில் பிடிக்கத் தோதாகக் கிண்ணம் மாதிரி, மூன்றாம் மாடிக்காரி, என்னங்க கல்யாண மண்டபத்துல குடுக்கற மாதிரி இருக்குது என்றாள், என் மருமக பெங்களூர்ல இருந்து கொண்டாந்ததுங்க என்று மாடி மாடியாகச் சொன்னேன். சொன்னேனே. ஊர் முழுக்கச் சொன்னேனே. யாராவது ஒருத்தி கீழே இறங்கி வந்து, உங்க இட்லிப் பேப்பரு நல்லா இருந்துச்சு கண்ணு என்று அவளிடமே சொல்லித் தொலைத்தால்.

மெகருன்னிசாவிடம் இருக்கும். எதிர்வீடு, திறந்த கதவு, அவள் பெண்ணுக்குப் பள்ளிக்கூட விழாவுக்கு வேண்டுமென்று ஒரு பிடி வாங்கிப்போனாள், என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் போய் நிற்கிறேன். "மெகரு, அந்த வெள்ளைத் தாளு ஏதாவது மிச்சம் வச்சிருக்கியா?" "இருக்குதுக்கா, ஒண்ணுகூட தூக்கிப் போடல" என்கிறாள். என் உயிர் திரும்பி வருகிறது. உள்ளே போய் எடுத்து வருகிறாள், பச்சைக் கம்பி சுற்றிய காம்பில் ரோஜாப்பூ, இதழ் இதழாக, சிவப்பு மையில் முக்கியெடுத்தது, நிஜப்பூ தோற்றுவிடும். "எதுக்குக்கா, சாமிக்கா?" காப்பி வடிகட்ட என்கிறேன். அவள் என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். "சுலோச்சனாக்கா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" நின்றபடியே விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், கொட்டக் கொட்ட அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள், தோள் குலுங்குகிறது, கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நாங்க சுண்டல் தின்னது காப்பி வடிகட்டியிலயா" என்று கேட்டு ஒரேயடியாகச் சிரிக்கிறாள். எனக்கு எரிச்சல் வருகிறது, எரிச்சலோடு சேர்ந்து சிரிப்பும் வருகிறது, சிரித்தால் நெஞ்சில் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் நகர்கிறது. "பூவைப் பிரிச்சு அலசித் தரட்டுமாக்கா? கலர் போயிரும்." அலசினால் காப்பி சிவப்பாக இறங்கும், மருமகள் அதையும் சூப்பர் என்பாள், வேண்டாம் தாயே. இருந்தாலும் அந்தப் பூ கையோடு வந்துவிட்டது, எப்படி வந்தது என்று தெரியவில்லை, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர்க் குடத்தின் மேல் வைக்கிறேன்.

"பேசாம நம்ம டிகாக்ஷன்ல சுடுதண்ணி ஊத்திக் குடு, வரக்காப்பிதானே" என்கிறார் அவர், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே. வேற எதில் போட்டாலும் வயிறு எரியும் என்று பையன் சொன்னானே, பித்தளைச் சல்லடைக்கும் தாளுக்கும் வித்தியாசம் இல்லாமலா அந்தப் பெண் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். அதுவும் வரக்காப்பி. எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் பாலில்லாமல் கொடுப்பார்கள், வாசலில் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு டம்ளர். தாலி ஏறி அரை வருஷம்கூட ஆகாத பெண்ணுக்குக் கருப்பாக ஒரு டம்ளரை நீட்ட எனக்குக் கை வருமா. வர வேண்டும். அவள் குடிப்பது அதுதான் என்றால் அதுதான் மங்களம், சாவு வீட்டைப் பற்றி அவளிடம் மூச்சுவிடக் கூடாது, வாயே, காதில் விழுந்ததா, மூச்சுவிடக் கூடாது. தாள் இல்லாவிட்டால் துணி. ஈரோட்டில் இருந்துகொண்டு துணிக்கா பஞ்சம். ஆனால் வீட்டில் இருக்கிற துணியெல்லாம் புழங்கினது, நெல்லிக்காய் சாறு பிழிந்தது, தயிர் கட்டினது. பீரோவில் பொங்கலுக்கென்று எடுத்து வைத்த புது வேட்டி மடிப்புக் கலையாமல் இருக்கிறது, அவருக்கு. நான் கத்தரிக்கோலை எடுத்ததும் அவர் அலறுகிறார், "ஏம் புள்ள, அது எனக்கு." ஓரத்துல ஒரு துண்டுதானுங்க, மடிச்சுக் கட்டினா யாருக்குத் தெரியப் போகுது. வெட்டிய துண்டை ஒருமுறை தண்ணீரில் முக்கி உதறி, பாத்திரத்தின் வாயில் கட்டி, நம்ம வீட்டுப் பொடியையே போட்டு, கொதிக்கிற தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறேன். சொட்டுகிறது. நிறம் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் கலங்கலாக இருக்கிறதோ, வெளிச்சம் அப்படி. ஒரு மிடறு நான் குடிக்கிறேன், கசப்பு, கசப்பு இருக்கத்தானே வேண்டும். அவரும் ஒரு மிடறு குடித்து நாக்கைச் சப்புக்கொட்டுகிறார். "அருமையா இருக்குது. பேப்பராவது ஒண்ணாவது." அவர் சொன்னால் சரிதான் என்று நினைக்கும்போதே இட்லிக்கும் இவர்தான் சொன்னார் என்பது ஞாபகம் வருகிறது, அதற்குள் கீழே வண்டி வந்து நிற்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. சாத்தவில்லை. வண்டி காத்திருக்கிறது.

வா கண்ணு, வா சாமி, ரயில்ல தூங்குனியா, இளைச்சுப் போயிட்டியே, என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறேன், இளைக்கவில்லை, கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருக்கிறாள், ஆனால் வருகிறவர்களை வேறென்ன சொல்வது. தோளில் ஒரு சின்னப் பை மட்டும். பெட்டி இல்லை. பெட்டியைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "நல்லா இருக்கீங்களா அத்தை? மாமா, சுகர் கண்ட்ரோல்ல இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்காருகிறாள், எழுந்து போகத் தயாராக இருக்கிறவர்கள் உட்காருகிற மாதிரி. நான் டம்ளரைக் கொண்டுபோய் நீட்டுகிறேன். அவள் உள்ளே எட்டிப் பார்க்கிறாள், கருப்பாக இருப்பதைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். "அவர் போன் போட்டுச் சொல்லிட்டாரா?" என்கிறாள், காது சிவந்துபோகிறது. குடிக்கிறாள். ஒரு மிடறு. அது இறங்குவதைப் பார்க்கிறேன், தொண்டை ஏறி இறங்குகிறது, உதடு குவிகிறது, வரப் போகிறது, அந்த சூ வரப் போகிறது, வந்துவிட்டால் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், பெருந்துறை ரூமில் ஒரு வாரம், அப்புறம் பொங்கலுக்கு ஒரு நாள், தீபாவளிக்கு ஒரு நாள், நல்லா இருக்கீங்களா அத்தை, சூப்பர் அத்தை, வரட்டுமா அத்தை, என் ஆயுசு முழுக்க இந்தப் பெண் என் வீட்டு நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருப்பாள். உதடு குவிந்தது குவிந்தபடியே நிற்கிறது. அப்புறம் விரிகிறது. "அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" சொல்லு கண்ணு. "நல்லா இல்லைங்க." அவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். "கஞ்சி வாசனை அடிக்குது. சட்டைக்குப் போடுவாங்களே, அந்தக் கஞ்சி."

கஞ்சியா. நான் ஓடிப்போய் அந்தத் துணியை மூக்கில் வைத்து இழுக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. அவரும் வாங்கி முகர்கிறார், "ஒண்ணுமில்லையே புள்ள" என்கிறார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டுகிறது. இவர் வேலை பார்ப்பது சைசிங் மில்லில், பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிற இடம், கல்யாணமான நாளிலிருந்து இவர் சட்டையிலும் தலைமயிரிலும் தலையணையிலும் அந்த வாசனைதான், எங்கள் இரண்டு பேர் மூக்கிலும் அது வாசனையாகவே நிற்பதில்லை. புது வேட்டி, மொடமொடவென்று இருந்ததே, அது கஞ்சி இல்லாமல் வேறென்ன. மருமகளுக்குக் காப்பி என்று கஞ்சியைக் காய்ச்சி நீட்டியிருக்கிறேன். அழ வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், அழுகை வரவில்லை, காதில் அது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது, நல்லா இல்லைங்க, நல்லா இல்லைங்க, எவ்வளவு தெளிவாகச் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா. "அந்தப் பேப்பர் எங்கே வச்சிருக்கீங்க அத்தை, நானே போட்டுக்கறேன்" என்று சமையலறைக்கே வந்து நிற்கிறாள். இட்லிப் பானையைக் காட்டுகிறேன், மூடியைத் தூக்கிவிடுகிறேன். ஆவி விலகுகிறது. அவள் குனிந்து பார்க்கிறாள், இன்னும் குனிகிறாள், விரலால் ஓரத்துக் கொசுவத்தைத் தொட்டுப் பார்க்கிறாள், "அத்தை" என்கிறாள், "இதையா", அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள், சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். தட்டு இட்லிக்குப் போடறதுன்னு நெனச்சுட்டேன் கண்ணு என்று நான் சொன்னதும் இன்னும் கொஞ்சம் சிரிக்கிறாள். "எங்க ஊர்ல யாருமே இப்படிப் போட மாட்டாங்க." வேறு எதற்கெல்லாம் போட்டீர்கள் என்று கேட்கிறாள், நான் தோசைக்கல், நெய், மொபெட், சுண்டல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் வேறு வாசற்படியில் நின்றுகொண்டு, "வசம்பை உட்டுட்ட புள்ள" என்று எடுத்துக் கொடுக்கிறார்.

கீழே ஹாரன் அடிக்கிறது. ஒருமுறை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. என் சிரிப்பு பாதியில் நிற்கிறது. நவநீதன் வற்புறுத்தாதே என்றான், நான் வற்புறுத்த மாட்டேன், நான் இட்லியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பாமல் நிற்கிறேன், கரண்டி மட்டும் ஒரே இட்லியைத் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கிறது. பிரவீணா எழுந்து, ஒரு இட்லியைக் கையில் எடுத்து, தாளை ஓரத்திலிருந்து உரித்து, பிட்டு வாயில் போட்டுக்கொண்டே பால்கனிக்குப் போகிறாள். "அண்ணா" என்று கீழே பார்த்துக் கூப்பிடுகிறாள், வாயில் இட்லியோடு, "பெட்டியை மேல கொண்டாந்துடுங்க, நான் இங்கதான் இருக்கப் போறேன்." வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. அவள் மென்றுகொண்டே திரும்பி வருகிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள், கையிலிருக்கிற பாதி இட்லியைப் பார்க்கிறாள். "அத்தை" என்கிறாள், "இதுல உப்பு கம்மியா இருக்குது."

இருக்கும் கண்ணு, இருக்கும் என்கிறேன்.